நாளைக்கு டான் வர்றான்

தமிழ் சினிமாவில் ஹீரோவின் பழைய வாழ்க்கை அவனைத் தேடிக்கொண்டு வந்தால் நமக்குக் கொண்டாட்டம். ‘பாட்ஷா’வில் ஆட்டோக்கார மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போது தியேட்டரில் அழுகையைவிடக் குஷிதான் அதிகம். இதெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது 1995 பொங்கல். 2023-ல் ‘லியோ’ வந்தபோது இமாச்சல் மலையில் காபிக் கடை நடத்தும் பார்த்திபனைத் தேடி ஆட்கள் இறங்கினார்கள், அப்போதும் அதே குஷி. பழசு வந்தால் ஹீரோவின் நெஞ்சு விரியும், பின்னணி இசை ஏறும், கேமரா ஸ்லோமோஷனுக்குப் போகும்.

ஜோனதன் கிளேசர் இயக்கிய ‘செக்ஸி பீஸ்ட்’ படத்தில் பழசு வரும்போது ஹீரோ தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு பம்முகிறான். 2000-ல் வந்த பிரிட்டிஷ் படம், ஒன்றரை மணி நேரம்கூட முழுதாக இல்லை. இதுவரை யாரிடமெல்லாம் சிபாரிசு செய்தேனோ அவர்களில் பாதிப் பேர் பெயரைக் கேட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மீதிப் பேர் பெயரை நம்பிப் போய் உட்கார்ந்து, முதல் காட்சியிலேயே சின்ன டிரவுசரில் எண்ணெய் மினுக்கத்தோடு வெயில் காயும் நடுத்தர வயதுத் தடியனைப் பார்த்து நொந்துபோனார்கள். கதை முழுவதையும் இங்கே சொல்லத்தான் போகிறேன். கால் நூற்றாண்டு ஆன படம், ஸ்பாய்லர் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

அந்தத் தடியன்தான் கேல். ரே வின்ஸ்டன். லண்டனில் பெட்டகம் உடைப்பதில் பெயர் வாங்கியவன், சிறைக்கும் போய் வந்தவன். இப்போது ஸ்பெயினில் மலையடிவாரத்தில் வீடு, நீச்சல் குளம், மனைவி டீடீ. குளத்தின் அடியில் இரண்டு இதயங்கள் கோத்துக்கொண்டிருப்பது போல டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். ரசனை கொஞ்சம் மட்டம்தான், ஆனால் அன்பு நிஜம். வெயிலில் கிடந்து கிடந்து சலித்துப்போய்க் குளத்தோரம் எழுந்து நிற்கிறான். பின்னால் மலைச்சரிவிலிருந்து ஒரு பெரும்பாறை உருண்டு வருகிறது. அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தலைக்கு மேல் மயிரிழையில் தாண்டிப் போய்க் குளத்தில் விழுகிறது, இதயங்கள் உடைகின்றன. பாறையை யாரும் தள்ளிவிடவில்லை. அது எதற்காக விழுந்தது என்று படம் கடைசிவரை சொல்வதுமில்லை.

திருந்திய குற்றவாளியின் படம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேல் எங்கே திருந்தினான்? செய்ததற்கு வருந்தி ஒரு வார்த்தை பேசுவதில்லை, அனாதை இல்லத்துக்கு நன்கொடை தருவதில்லை, கோயில் வாசலில் கண்ணீர் விடுவதில்லை. அவன் ரிட்டயர் ஆகிவிட்டான், அவ்வளவுதான். திருடிச் சேர்த்த காசில் சுகமாக இருக்கிறான், பெண்டாட்டியை உயிராக நேசிக்கிறான். நம் ஹீரோக்களுக்குக் குடும்பத்தைக் காப்பாற்ற என்ற காரணம் வேண்டும், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆக வேண்டும். கேலுக்கு வெயிலில் படுத்திருக்க வேண்டும். இவ்வளவு அற்பமான ஆசையை வைத்துக்கொண்டு ஒருவன் நம் அனுதாபத்தை முழுசாக வாங்கிவிடுகிறான் என்பதுதான் எழுத்தாளர்கள் லூயிஸ் மெல்லிஸ், டேவிட் சின்டோ இருவரின் சாமர்த்தியம்.

ஏன் ஸ்பெயின்? பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் பழைய ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 1978-ல் அது முறிந்துபோனது. புதியது கையெழுத்தாக 1985 ஆகிவிட்டது. நடுவில் கிடைத்த அந்த ஏழு வருட இடைவெளியில் லண்டன் கொள்ளைக்காரர்களுக்குத் தெற்கு ஸ்பெயினின் கடற்கரை சொர்க்கபூமி ஆனது. ‘கோஸ்டா டெல் சோல்’ என்ற வெயில் கரைக்குப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் ‘கோஸ்டா டெல் க்ரைம்’ என்றே பெயர் மாற்றிவிட்டன. 1983-ல் லண்டனில் செக்யூரிட்டி எக்ஸ்பிரஸ் பணக்கிடங்கில் சுமார் 60 லட்சம் பவுண்டு கொள்ளை போனது. அந்த வழக்கில் தேடப்பட்ட ரோனி நைட் பத்து வருடத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். 1994-ல் அவராகவே ஊர் திரும்பி, அடுத்த வருடம் சிறைக்குப் போனார். வெயிலும் பீரும் இருந்தும் ஊர் ஞாபகம் விடவில்லை போலும். கேல் இந்தக் கூட்டத்தில் ஒருவன், ஆனால் ஊர் ஞாபகம் கொஞ்சமும் இல்லாதவன். இங்கிலாந்தை மழை, அழுக்கு, சாம்பல் நிறம் என்று திட்டிக்கொண்டே இருப்பான்.

படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி சண்டையோ கொள்ளையோ இல்லை, ஒரு ராத்திரிச் சாப்பாடு. கேலும் டீடீயும் ரெஸ்டாரன்ட்டுக்குப் போகிறார்கள். நண்பன் எய்ச்சும் அவன் மனைவி ஜாக்கியும் வந்து உட்காருகிறார்கள். வழக்கமாகக் கலகலப்பாக இருக்கும் ஜோடி. இன்று முகம் சரியில்லை. கேல் ஏதோ ஜோக் அடித்துப் பார்க்கிறான், எடுபடவில்லை. என்ன விஷயம் என்று துருவுகிறான். லண்டனிலிருந்து ஒரு போன் வந்தது என்று இழுக்கிறார்கள். யார்? டான் லோகன். அந்தப் பெயரைக் கேட்டதும் நான்கு பேர் வயிற்றிலும் புளியைக் கரைக்கிறது. ஒரு வேலைக்குக் கேலைக் கூப்பிடுகிறான். முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறார்கள். சரி, போனில் சொல்லிவிடலாம். அதற்கு வழியில்லை, அவன் நாளைக்கே வருகிறான்.

இந்த இடத்தில் நம் இயக்குநர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டான் லோகன் யார் என்று காட்ட ஒரு பிளாஷ்பேக், பத்துப் பேர் பறக்கும் சண்டை, ஒரு பாட்டு. கிளேசர் நான்கு முகங்களை மட்டும் காட்டுகிறார். முன்னாள் ரவுடிகள் இரண்டு பேரும், உலகத்தைப் பார்த்துவிட்ட அவர்கள் மனைவிமார் இருவரும், ஆர்டர் பண்ணிய சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு கனமான பில்டப் கொடுத்துவிட்டு அடுத்த நாள் ஏர்போர்ட்டில் ஆளைக் காட்டுகிறார்கள். மொட்டைத் தலை, ஒல்லியான உடம்பு, விறைத்த நடை. நம் காந்தி.

ஆமாம், பென் கிங்ஸ்லி. குஜராத்தி வம்சாவளித் தந்தைக்குக் கிருஷ்ணா பாஞ்சியாகப் பிறந்து, அட்டன்பரோவின் ‘காந்தி’க்காக 1983-ல் ஆஸ்கர் வாங்கி, நம் பள்ளிக்கூடங்களில் அக்டோபர் 2 தோறும் திரையில் தடி ஊன்றி நடந்த அதே மனிதர். இங்கே வாயைத் திறந்தால் காது கூசுகிறது. இன்னொரு பக்கம் ரே வின்ஸ்டன், ‘நில் பை மவுத்’ படத்தில் மனைவியை மிருகத்தனமாக அடிக்கும் கணவனாக நடித்துப் பார்ப்பவர்களைப் பதறவைத்தவர். அஹிம்சா மூர்த்தியை ரவுடியாக்கி, ரவுடியை ஆட்டுக்குட்டியாக்கிய அந்த யோசனைக்கே தனியாக ஒரு விருது தரலாம். டான் லோகனைத் தன் பாட்டியை மனதில் வைத்துத்தான் நடித்ததாகக் கிங்ஸ்லி சொல்லியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட பாட்டி!

டான் வந்து சேர்ந்த பிறகு படத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு வேலைதான்: கேல் ‘மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அது அவனால் முடியவில்லை. ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்து, வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சோபாவில் சம்மணம் போட்டுவிட்ட ஒன்றுவிட்ட சித்தப்பாவை நீங்கள் சமாளித்திருந்தால் இந்தக் காட்சிகள் அத்தனையும் புரியும். கேல் நேராக மறுப்பதே இல்லை. என்னை நினைத்துக் கூப்பிட்டதற்கு ரொம்ப நன்றி டான் என்கிறான். இப்போ எனக்கு அந்தத் தெம்பு இல்லை, உன் பேரைக் கெடுத்துவிடுவேன் என்கிறான். மரியாதை குறையாமல் பின்வாசல் வழியாகத் தப்பிக்கப் பார்க்கிறான். டானுக்கு அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல் என்கிறான். இல்லை என்று கேல் முனகினால் அந்த வார்த்தையே காதில் விழாதவன் போல முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். கெஞ்சுகிறான், கொஞ்சுகிறான், கேலின் கறுத்த தோலையும் தொப்பையையும் கேலி செய்கிறான், டீடீயின் ஆபாசப்பட நடிகைக் காலத்தை இழுத்து அசிங்கப்படுத்துகிறான். விடிகாலையில் தூங்கிக்கொண்டிருப்பவனைப் படுக்கையிலேயே குத்தி எழுப்புகிறான். பாத்ரூமில் வேண்டுமென்றே தரையில் மூத்திரம் பெய்கிறான். யாரும் இல்லாதபோது கண்ணாடியில் தெரியும் தன்னையே திட்டித் தீர்க்கிறான்.

சிரிப்பு வருகிறது, அதே நேரம் சிரிக்கப் பயமாகவும் இருக்கிறது. டான் பேசும்போது சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். கிழக்கு லண்டன் பேச்சு, ஒரே வார்த்தையைப் பத்துத் தடவை பத்து விதமாக உச்சரிக்கும் வேகம். அர்த்தம் தப்பினாலும் தாளம் பிடிபடும்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு விஷயம் வெளியே வருகிறது. கொள்ளை வேலை ஒரு சாக்குதான். டான் ஒரு காலத்தில் ஜாக்கியோடு பழகியிருக்கிறான், அவள் ஞாபகம் அவனை விடவில்லை. இதை அவன் கேலிடம் ரகசியம் போலச் சொல்லும்போது அந்த மொட்டைத் தலைக்குள் ஒரு விடலைப்பையன் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அன்பு என்றால் என்ன என்றே தெரியாத ஒருவன், அன்பு நிறைந்த ஒரு வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்டான். கேல் படும் பாட்டுக்குச் சற்றும் குறையாத பாடு டானும் படுகிறான் என்பதை மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன்.

ஒருவழியாக டான் கோபித்துக்கொண்டு கிளம்புகிறான். அப்பாடா என்று நாமும் மூச்சு விடுகிறோம். விமானத்தில் ஏறி உட்கார்ந்தவன் சிகரெட்டைப் பற்றவைக்கிறான். அணைக்கச் சொன்னால் அணைக்க மாட்டான். இறக்கிவிட்டு விசாரணை அறையில் உட்கார வைக்கிறார்கள். அங்கே முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, விமானப் பணியாளர் ஒருவர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டார், அந்த அதிர்ச்சியில்தான் சிகரெட் பிடித்தேன், நான் நினைத்தால் பெரிய புகார் ஆகிவிடும் என்று ஒரு கதை அளக்கிறான். அதிகாரிகள் மன்னிப்புக் கேட்காத குறையாக அனுப்பி வைக்கிறார்கள். வெளியே வந்தவன் டாக்ஸி பிடித்து நேராகக் கேல் வீட்டுக்குத் திரும்புகிறான். மனிதன் எவ்வளவு கேவலமாகப் பொய் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல நகைச்சுவைக் காட்சி எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தவன் பாட்டிலால் கேலைத் தாக்குகிறான். குளத்தைச் சுத்தம் செய்யும் பையன் என்ரிக்கே துப்பாக்கியோடு வருகிறான். படம் அங்கே வெட்டிவிட்டு லண்டனுக்குத் தாவுகிறது. கேல் கடைசியில் லண்டன் வந்துவிட்டான், வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். டான் எங்கே? யாரும் சொல்வதில்லை. பிளாஷ்பேக் வருகிறது, ஆனால் நடுக்கொள்ளையில், தண்ணீருக்கு அடியில் கேல் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கும்போது துண்டு துண்டாக. டீடீ கையில் வேட்டைத் துப்பாக்கி. சுட்டது அவள்தான். குண்டடி பட்டுக் கிடந்தும் டானுக்கு வாய் அடங்கவில்லை, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஏசுகிறான். அப்புறம் நான்கு பேரும் சேர்ந்து கதையை முடிக்கிறார்கள். ஸ்டைலும் இல்லை, வீரமும் இல்லை. வீட்டு ஹாலில் பயந்துபோன நாலு நடுவயசுக்காரர்கள் செய்த அலங்கோலமான காரியம்.

‘பாட்ஷா’ பிளாஷ்பேக் மாணிக்கம் எவ்வளவு பெரிய ஆள் என்று காட்டும். இந்தப் பிளாஷ்பேக் கேல் எவ்வளவு சாதாரண ஆள் என்று காட்டுகிறது. காப்பாற்றியது அவன் பழைய திறமை இல்லை, அவன் பெண்டாட்டி. ‘லியோ’வும், அதற்கு மூலமான குரோனன்பர்க்கின் ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’ஸும் ‘இவர் உண்மையில் யார்?’ என்று மனைவி கேட்கும் கேள்வியில் நிற்கின்றன. டீடீக்கு அந்தக் கேள்வியே கிடையாது. கேல் யார் என்று அவளுக்குத் தெரியும், அவள் யார் என்று அவனுக்கும் தெரியும். மறைக்க எதுவும் இல்லாத தம்பதி என்பதாலேயே இந்தக் குற்றப்படத்தைக் காதல் படங்களின் வரிசையில் வைக்கலாம் என்று தோன்றுகிறது.

லண்டன் பகுதி கொஞ்சம் தொங்கல். பாதுகாப்புப் பெட்டகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் துருக்கிக் குளியலறை, அதன் குளத்துச் சுவரை நீருக்குள்ளிருந்தே துளைத்துப் பெட்டக அறைக்குள் தண்ணீரோடு பாய்வது என்ற திட்டம் காகிதத்தில் பிரமாதம். டான் இல்லாத திரையில் அது வெறும் திட்டமாகத்தான் நிற்கிறது. கேலின் கனவில் வரும் துப்பாக்கி ஏந்திய பேய் முயலும் எனக்கு ஒட்டவில்லை. கிளேசர் அதற்கு முன்னால் விளம்பரப் படங்களும் மியூசிக் வீடியோக்களும் எடுத்துப் பெயர் வாங்கியவர், ‘கின்னஸ்’ பீருக்காக அலைகளிலிருந்து வெள்ளைக் குதிரைகள் பாயும் விளம்பரம் அவருடையதுதான். அந்தப் பழைய கை இங்கே கொஞ்சம் அரித்துவிட்டது.

ஆனால் லண்டனில் இந்தக் கொள்ளையை நடத்தும் தாதா டெடி பாஸ் இருக்கிறான். இயான் மெக்ஷேன். கத்துவதே இல்லை. டான் குரைக்கிற ஜாதி என்றால் இவன் வேறு ஜாதி. டான் எங்கே போனான் என்று கேலிடம் மெதுவாகக் கேட்கிறான், பொய்யைக் கேட்டுக்கொள்கிறான், நம்பவில்லை என்பதை மறைப்பதுமில்லை. வேலை முடிந்ததும் காரில் ஏற்றிக்கொண்டு போய், வழியில் ஒரு வீட்டில் இறங்கி, பெட்டகத்தின் ரகசியம் தந்த ஹாரியைச் சாவகாசமாகச் சுட்டுக் கொல்கிறான், கேலை அருகில் வைத்துக்கொண்டே. அடுத்தது தன் முறை என்று கேல் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். டெடி பர்சைத் திறந்து கூலி கொடுக்கிறான்: பத்து பவுண்டு. டானை என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு அவன் எனக்கு முக்கியமில்லை என்பதுதான் அந்தப் பத்து பவுண்டின் அர்த்தம். நான்கு பேரை நடுங்கவைத்த டான் லோகனின் விலை அவ்வளவுதான். இதைவிடக் கறுப்பான ஜோக் படத்தில் வேறு இல்லை.

கேல் ஒரு ஜோடி சிவப்புக்கல் கம்மலை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீடீயிடம் திரும்புகிறான். டான் அதே நீச்சல் குளத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறான், மேலே எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுச் சிரிக்கிறார்கள். இந்த அமைப்பைக் கிளேசர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். 2023-ல் அவர் எடுத்த ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ படத்திலும் ஒரு அழகான தோட்டம் உண்டு, குழந்தைகள் குளிக்க ஒரு குளம் உண்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். அங்கே சிரிக்க எதுவும் கிடையாது. அந்தப் படத்துக்குச் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. டான் லோகனுக்காகத் துணை நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட கிங்ஸ்லிக்கு அன்று கிடைக்கவில்லை, ‘ஐரிஸ்’ படத்துக்காக ஜிம் பிராட்பென்ட் கொண்டுபோனார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேல் அளவுக்கு அதிர்ஷ்டம் நிஜத்தில் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1963-ல் பிரிட்டனையே உலுக்கிய ரயில் கொள்ளைக் கும்பலில் ஒருவர் சார்லி வில்சன். முப்பது வருடத் தண்டனை, சில மாதங்களிலேயே சிறையிலிருந்து தப்பல், கனடாவில் பிடிபடல் என்று எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் மார்பெயாவில் வில்லா வாங்கிக் குடியேறினார். 1990 ஏப்ரலில் ஒரு நாள் வீட்டுக்கு வந்த ஆள் அவரைச் சுட்டுக் கொன்றான். வந்ததும் தப்பிப் போனதும் சைக்கிளில். நம்ம ஊர் ஹீரோவைத் தேடி இருபது சுமோ வரும். அங்கே ஒரு சைக்கிள் போதுமாயிருந்தது.

படம் பிடித்துப்போனால் ஸ்டீபன் ஃப்ரியர்ஸின் ‘தி ஹிட்’ (1984) படத்தையும் தேடிப் பாருங்கள். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஸ்பெயினில் பத்து வருடம் ஒளிந்திருந்த டெரன்ஸ் ஸ்டாம்பைக் கூட்டிப்போக ஜான் ஹர்ட்டும் பொடியன் டிம் ராத்தும் வருவார்கள். வழி நெடுக அவன் பயம் காட்டவே மாட்டான், புன்னகையோடு காரில் வருவான், அதில் கொலைகாரர்களுக்குத்தான் நடுக்கம் வந்துவிடும். ‘செக்ஸி பீஸ்ட்’டுக்கு 2024-ல் ஒரு முன்கதை வெப்சீரிஸ்கூட வந்தது, கேலும் டானும் இளவட்டமாக இருந்த காலத்தின் கதை. டான் ஏன் இப்படி ஆனான் என்று யாராவது எனக்கு விளக்க வேண்டுமா என்ன? அதை விட்டுவிட்டு ‘தி ஹிட்’ பாருங்கள்.